மூன்றின் சாட்சியம்

ஔலு நகர நீதிமன்றம், கீழ்த்தளம், பதிவறை.
எண்பத்தேழாம் ஆண்டின் மணமுறிவுக் கோப்புகள்
ஐந்நூற்று ஐம்பத்து மூன்று.
ஒவ்வொன்றின் முதுகிலும் ஆறு இலக்கம்,
ஆண்டுக்கு இரண்டு, வரிசைக்கு நான்கு.
காப்பகத்துக்குக் கட்டி அனுப்பும் முன்
இடைவெளி விடாமல் தட்டச்சு செய்தேன்.
மூவாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு இலக்கம்.
ஒரே எண்.

எதற்கு என்றார் காவலாளி உர்ப்போ.
சும்மா என்றேன்.
முழுப் பொய் இல்லை அது.

கடைசி இலக்கம் ஒன்பது;
இரண்டும் ஐந்தும் வாசலோடு திரும்பின.
இலக்கங்களைக் கூட்டி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது.
மூன்று வகுக்காது.
ஒன்று விட்டு ஒன்று கூட்டிக் கழித்தேன்.
பதினொன்றும் வகுக்காது.
அதன்பின் கணினி, இலட்சம் வரையிலான பகா எண்களை
ஒவ்வொன்றாய் உள்ளே அனுப்பியது.
எல்லாம் கையில் மீதியோடு வெளியே வந்தன.

பிறகுதான் மூன்றைக் கூண்டில் ஏற்றினேன்.
வகுக்க அல்ல, சாட்சி சொல்ல.
மூன்றை அடுக்கிக்கொண்டே போக வேண்டும்,
என் எண்ணில் ஒன்று குறைந்த அடுக்கு வரை,
படிதோறும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு.
முடிவில் ஒன்று மிஞ்சினால்
எண் பகாதது, ஒருவேளை.
வேறு எது மிஞ்சினாலும் பகும்.
அங்கே ஒருவேளை கிடையாது.

ஒருவேளை என்றேனே,
சாட்சிகள் பொய் சொல்வதுண்டு.
முந்நூற்று நாற்பத்தொன்றைப் பற்றி இரண்டிடம் கேளுங்கள்,
ஒன்றுதான் மீதி என்று சத்தியம் செய்யும்.
உள்ளே பதினொன்றும் முப்பத்தொன்றும்
ஒரே கட்டிலில் முதுகு காட்டிப் படுத்திருக்கும்.
மூன்றிடம் கேட்டால் ஐம்பத்தாறு என்று உளறிவிடும்.
ஐந்நூற்று அறுபத்தொன்று இன்னும் மோசம்.
அதோடு பொதுக் காரணி இல்லாத எவரைக் கேட்டாலும்
அதற்காகப் பொய் சொல்வார்கள்.

சனவரி. வெளியே கழித்தல் முப்பத்தொன்று.
நீதிமன்றத்துக்கு இருந்தது ஒரே கணினி;
பகலில் அபராத ரசீது, இரவில் என் மூன்று.
ஒன்பதாம் இரவு துப்புரவுக்கார ஐலா
தரை மெழுகும் இயந்திரத்துக்காக
என் செருகியைப் பிடுங்கிவிட்டாள்.
முந்தைய இரவின் மீதி நெகிழ்வட்டில் இருந்தது.
ஒரு இரவுதான் போயிற்று.
அவளைத் திட்டினேன், தேவைக்கு மேல்.

எழுபத்தொன்று: எண்ணின் இரண்டாயிரத்து எழுபத்தோராவது இலக்கத்தில்
தொடங்குவது முந்நூற்று நாற்பத்தாறாம் கோப்பு.
என்னுடையது. என்னுடையதும் கலெர்வோவினுடையதும்.
அப்போது சட்டம் காரணம் கேட்டது.
எங்களிடம் இல்லை.
ஆகவே கலெர்வோ குடிக்கிறார் என்று
அவர் தம்பி கையை உயர்த்திச் சொன்னான்.
இரண்டாவது கோப்பைக் காபியைக்கூட
வேண்டாம் என்பவர் கலெர்வோ.
பின்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார்.
நான் அதைச் சுருக்கெழுத்தில் எடுக்கவில்லை;
அன்று வேறொருத்தி எடுத்தாள், பிழையில்லாமல்.

பன்னிரண்டாம் இரவு, காலை நாலே காலுக்கு
அச்சுப்பொறி கத்தத் தொடங்கியது.
நான்கு, பூச்சியம், ஏழு, ஏழு...
தாள் மடிந்து மடிந்து தரையில் விழுந்தது.
ஒன்று அல்ல.
ஒன்றுக்குப் பக்கத்தில்கூட இல்லை.

உர்ப்போ எட்டிப் பார்த்தார்.
அப்போ எதனால் வகுபடும்?
தெரியாது.
வகுபடும் என்று மட்டும் எப்படித் தெரியும்?
மூன்று சொன்னது.
அது பார்த்ததா?
இல்லை. எதையும் பார்க்கவில்லை.
இந்த மாதத்திலிருந்து சட்டமும் அப்படித்தானாமே என்றார்,
காரணம் கேட்காதாம்,
ஆறு மாதம் யோசிக்கச் சொல்லிவிட்டுப் பிரித்துவிடுமாம்.
ஆமாம் என்றேன்.
பதினைந்து நாள் பிந்திவிட்டது உனக்கு என்றார்.
ஐந்து மாதம் என்று நான் திருத்தவில்லை.

அந்த எண்ணின் காரணிகளைத் தேட
ஒரு காலத்தில் இதைவிட வேகமான கணினி வரலாம்.
வராமலும் போகலாம்.
எங்கோ இரண்டு எண்கள், குறைந்தது இரண்டு,
ஒன்றையொன்று பெருக்கியபடி இருக்கின்றன,
யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல்.

கோப்புகளைக் கயிற்றால் கட்டினேன், பத்துப் பத்தாக.
முந்நூற்று நாற்பத்தாறும் அதன் இடத்தில்.
வாகனத் தரிப்பிடத்தில் காரின் வெப்பக் கம்பியைப் பிடுங்கியபோது
கையுறை கம்பியோடு ஒட்டிக்கொண்டது.
இழுத்தேன்.
வந்தது, கொஞ்சம் நூலை அங்கேயே விட்டுவிட்டு.